வெண்ணெய் என்று எழுதிய பலகை

1907-ஆம் ஆண்டு எர்னஸ்ட் ஷாக்கிள்டன் லண்டனில் இருந்தபடி அண்டார்க்டிகா பயணத்துக்குச் சாமான் சேர்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து பேர் ஒரு வருடத்துக்கும் மேல் தங்கப்போகும் வீட்டுக்கு வேண்டிய சாமான். மாவு, பிஸ்கட், டின் இறைச்சி, வெண்ணெய், புட்டியில் அடைத்த பழம், ஒரு மோட்டார் வண்டி, ஒரு தையல் இயந்திரம், ஒரு அச்சு இயந்திரம். இத்தனையும் வாங்கியவர் கட்டில், மேசை, பெஞ்சு என்று பெரிதாக எதையும் வாங்கவில்லை. மறதி ஒன்றும் கிடையாது. சாமான் வந்திறங்கும் பெட்டிகளை வைத்தே அவற்றையெல்லாம் செய்துகொள்வது என்று கிளம்பும் முன்பே முடிவு செய்திருந்தார். திரும்பி வந்து எழுதிய பயண நூலில் இந்த முடிவை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

பொருளைச் சுற்றி வரும் பெட்டி, பொருளை எடுத்த பிறகு வீட்டுச் சாமானாக மாற வேண்டும் என்று இன்று போட்டிகள் நடக்கின்றன, விருதுகள் தருகிறார்கள். நூறு வருடத்துக்கு முன்பே அதைச் செய்து, படுத்தும் பார்த்துவிட்டவர்கள் உண்டு. அந்தப் பெட்டிக்கு வெனஸ்டா பெட்டி என்று பெயர். அதன் கதை லண்டனிலும் தொடங்கவில்லை, பனியிலும் முடியவில்லை.

பால்டிக் கடற்கரையில் ரேவல் என்று ஓர் ஊர். இன்றைய எஸ்தோனியாவின் தலைநகர் டாலின்தான் அது. அப்போது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. அங்கே லூத்தர் என்ற வணிகக் குடும்பம் 1877-இல் இயந்திரத் தச்சுப்பட்டறை ஒன்றைத் தொடங்கியது. சுற்று வட்டாரத்தில் பிர்ச் மரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் பிர்ச் பெரிய உத்தரத்துக்கோ அகலப் பலகைக்கோ தோதான மரம் இல்லை; தண்டு ஒல்லி, காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும். அதை அறுக்காமல் உரித்தார்கள். மரத்துண்டை ஊறவைத்துச் சூடாக்கி, கடைசல் இயந்திரத்தில் மாட்டிச் சுழற்றி, நீளமான கத்தியை அதன்மேல் சாய்த்தால், பென்சில் சீவும்போது வருகிற சுருள் மாதிரி மரம் முழுவதும் ஒரே மெல்லிய ஏடாகக் கழன்று வரும். அந்த ஏடுகளில் மூன்றை எடுத்து, நடு ஏட்டின் நார் மட்டும் குறுக்காக ஓடும்படி வைத்து ஒட்டி அழுத்துவார்கள். மரம் நாரின் போக்கில் எளிதில் பிளக்கும், குறுக்கே பிளக்காது. இரண்டு திசையிலும் நார் ஓடும் பலகையைப் பிளக்க வழியில்லை; அது முறுக்கவும் முடியாது, ஏனென்றால் ஓர் ஏடு வளைய நினைக்கிற பக்கம் அடுத்த ஏடு விறைத்து நிற்கிறது. நாம் பிளைவுட் என்று கடையில் கேட்டு வாங்கும் சரக்கின் அடிப்படை இவ்வளவுதான்.

பழைய பசைகள் ஈரம் பட்டால் இளகிவிடும். மூன்று ஏடும் மூன்று பக்கம் பிரிந்து போகும். ஈரத்துக்குத் தாக்குப்பிடிக்கும் பசையை லூத்தர் பட்டறை 1890-களில் கண்டுபிடித்த பிறகுதான் அந்தப் பலகை நாற்காலி இருக்கையைத் தாண்டி வெளியே வந்தது. 1898 வாக்கில் அதை விற்க லண்டனில் வெனஸ்டா என்று ஒரு கம்பெனி எழுந்தது. அவர்கள் முதலில் பிடித்த பெரிய வியாபாரம் தேயிலைப் பெட்டி.

இலங்கை மலையகத்துக்கும் அஸ்ஸாமுக்கும் தென்னிந்தியத் தோட்டங்களுக்கும் இந்தப் பலகை வந்து சேர்ந்த வழி இதுதான். தேயிலை ஒரு வம்பு பிடித்த சரக்கு. எடை குறைவு, இடம் அதிகம் அடைக்கும். பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையை இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் ஈரம் பட்டால் பூசணம். அதனால் உள்ளே ஈயத்தாள் அடித்த மரப்பெட்டியில்தான் அது கப்பலேறியது. தோட்டத்துக் காட்டு மரத்தை அறுத்துச் செய்த பெட்டி பச்சை வாடை அடிக்கும். அதோடு கனமும் கூட. ஜப்பானிலிருந்து மோமி என்ற மரப்பெட்டிகளை இலங்கைத் துரைமார்கள் வரவழைத்தார்கள். அந்தச் சந்தையில்தான் பால்டிக் பலகை நுழைந்தது. பலகைகள் கட்டுக் கட்டாகப் பிரித்த நிலையில் வரும். தோட்டத்து ஆலையில் ஓரங்களுக்குத் தகரப்பட்டை வைத்து ஆணி அடித்தால் பெட்டி தயார். திருச்சி, சேலம், மதுரைப் பக்கமிருந்து மன்னார் வழியாக நடந்துபோன தமிழ்ச் சனங்கள் பறித்த கொழுந்து, எஸ்தோனியக் காட்டு மரத்துக்குள் அடைபட்டு லண்டன் துறைமுகத்தில் இறங்கியது. பறித்தவருக்கும் மரம் உரித்தவருக்கும் ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஷாக்கிள்டன் இந்தப் பெட்டியைத் தேர்ந்ததற்கு முதல் காரணம் எடை. பெட்டி ஒன்று ஏறக்குறைய இரண்டரை அடி நீளம், பதினைந்து அங்குலம் குறுக்கு. கிட்டத்தட்ட 2,500 பெட்டிகள். வழக்கமான மரப்பெட்டியைவிட ஒவ்வொன்றும் நான்கு பவுண்டு இலேசு என்று அவரே கணக்கு எழுதியிருக்கிறார். பெருக்கிப் பார்த்தால் பத்தாயிரம் பவுண்டு, அதாவது நாலரை டன். நிம்ரோட் என்ற அவருடைய கப்பல் பழைய சீல் வேட்டைக் கப்பல், சின்னது. 1908 ஜனவரி முதல் தேதி நியூசிலாந்தின் லிட்டில்டன் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது, நிலக்கரியை மிச்சம் பிடிக்க கூன்யா என்ற இன்னொரு கப்பல் அதைக் கயிறு கட்டி அண்டார்க்டிக் வட்டம் வரை இழுத்துக்கொண்டு போனது. அப்படிப்பட்ட கப்பலில் நாலரை டன் என்பது சாமான்யமில்லை. கட்டில், மேசை ஏற்றாததால் மிச்சமான எடையும் இடமும் இந்தக் கணக்கில் சேராதவை.

அளவைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பதினைந்து அங்குலம் உயரமாக வரும்படி படுக்க வைத்தால் பெட்டி உட்காரத் தோதான உயரம். முக்காலியைவிடக் கொஞ்சம் தாழ்வு. நிமிர்த்தி வைத்தால் முப்பது அங்குலம். உலகத்தில் பாதி மேசைகளின் உயரம் அதுதான். மூன்றை வரிசையாகப் போட்டால் ஏழரை அடி, ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். இதையெல்லாம் யோசித்துத்தான் அளவு சொன்னாரா என்று கேட்டால் என் ஊகம், இல்லை. ஒரு ஆள் தூக்கிக்கொண்டு பனியில் நடக்கிற அளவாகச் சொல்லியிருப்பார். மனிதன் தூக்குகிற அளவும் மனிதன் உட்காருகிற அளவும் ஒன்றுக்கொன்று தூரத்தில் இல்லை, அவ்வளவே.

பிப்ரவரி மாதம் ராஸ் தீவின் ராய்ட்ஸ் முனையில் இறக்கினார்கள். இறக்கியது என்றால் நம் துறைமுகத்தில் நடப்பதுபோல் இல்லை. பனிவிளிம்பு உடைந்து உடைந்து கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. கிடைத்த பாறையில் கிடைத்த பெட்டியைத் தள்ளினார்கள். பிறகு அடித்த புயலில் அலைத்தெறிப்பு கரைக்கு வந்து பெட்டிகள்மேல் விழுந்து அப்படியே உறைந்தது. புயல் விட்டதும் பார்த்தால் குளிர்காலத்துச் சோறெல்லாம் பல அடி கனத்துக்கு ஐஸுக்குள். கோடரியும் கடப்பாறையும் வைத்து ஒவ்வொரு பெட்டியாக வெட்டி எடுத்தார்கள். மூன்று ஏட்டுப் பலகைக்கு இதைவிடப் பெரிய பரீட்சை வைக்க முடியாது. அத்தனை முரட்டுத்தனத்திலும் பெட்டி உடைந்து தொல்லை வரவில்லை என்று ஷாக்கிள்டன் எழுதுகிறார்.

வீடு லண்டனிலேயே செய்து, கோர்த்துப் பார்த்து, பிரித்து எடுத்து வந்தது. 33 அடிக்கு 19 அடி. பதினைந்து ஆண்கள், நான்கு மாத இருட்டு. இருவருக்கு ஒரு தடுப்பு. அந்தத் தடுப்புக்குள் ஆளாளுக்குத் தச்சராகிவிட்டார்கள்.

முதல் கட்டிலைச் செய்தவர் ஃபிராங்க் வைல்ட். சரக்கறைக்குப் பொறுப்பாளி, அதனால் பெட்டிப் பலகை அவர் கையில். எல்லோரையும் அசத்திவிட வேண்டும் என்று சரக்கறைக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு இரகசியமாகச் செய்தார். கட்டில் பிரமாதமாக வந்தது. ஆனால் சரக்கறைக் கதவின் அகலத்தை அவர் அளக்கவில்லை. கடைசியில் அதை நடுவில் அறுத்து இரண்டாக்கித்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. வாங்கிவந்த அலமாரியை மாடிப்படியில் திருப்ப முடியாமல் நின்ற எவருக்கும் இந்தத் துயரம் புரியும். ஒரு வித்தியாசம்: பெட்டிப் பலகையில் செய்த கட்டில் என்பதால் அறுத்ததில் யாருக்கும் வயிறு எரியவில்லை.

ஷாக்கிள்டனின் சொந்த அறையில் படுக்கை பழப்பெட்டிகளின் மேல் இருந்தது. பழம் தீரத் தீர பெட்டி காலியாகி, துணி வைக்கும் அறையாகும். இது எனக்கு மிகவும் பிடித்த இடம். பெட்டி எப்போது பெட்டியாக இருப்பதை நிறுத்திவிட்டு அலமாரியாகிறது என்று கோடு போட முடியாது. பாதி பழம் இருக்கும்போதே அது பாதி அலமாரி. பிரித்து, வெட்டி, ஒட்டி இன்னொன்றாக்கும் வேலையே அங்கு இல்லை. வேறு சிலர் பலகையை அறுத்துத் தட்டு அடித்தார்கள். நிலவியல் பேராசிரியர் எட்ஜ்வொர்த் டேவிடும் அவரோடு இருந்த மாசனும் தங்கிய தடுப்பில் கருவிகளும் கற்களும் டப்பாக்களுமாக அடைந்து கிடந்ததில் அதற்கு 'அடகுக்கடை' என்று பெயர் விழுந்தது. பேராசிரியர் பளபளக்கும் காலி டப்பாக்களையும் வண்ணக் காகிதங்களையும் படுக்கையின் ஒரு முனையில் குவித்து வைத்திருந்தாராம். வேறொரு தடுப்பில் ஓவியர் மார்ஸ்டன் கணப்படுப்பு ஒன்றை எரிகிற நெருப்போடு வரைந்து வைத்தார். வைல்டும் குழுவில் இன்னொருவரான ஜாய்ஸும் இருந்த இடம் 'போக்கிரிகளின் புகலிடம்'.

சாப்பாட்டு மேசை பெட்டி மூடிகளைச் சேர்த்து அடித்தது. மேசைமேல் விரிக்க மெழுகுத்துணி கொண்டுவர மறந்துவிட்டார்கள். அதனால் மூடிகளில் அச்சடித்திருந்த எழுத்து சாப்பிடும்போதெல்லாம் கண்ணில் படும். எவ்வளவு தேய்த்துக் கழுவியும் போகவில்லை. சாப்பிட்டு முடித்ததும் மேசையைக் கயிறு கட்டிக் கூரைக்கு இழுத்துவிடுவார்கள். பத்தொன்பது அடி அகல வீட்டில் நடமாட இடம் வேண்டுமே.

அந்த எழுத்துக்கு வருவோம், ஏனென்றால் இந்தப் பெட்டி எடுத்த உருவங்களிலேயே விசித்திரமானது அதோடு சம்பந்தப்பட்டது. 1908 குளிர்காலத்தில் அந்த வீட்டில் ஒரு புத்தகம் போட்டார்கள். 'அரோரா ஆஸ்ட்ராலிஸ்' என்று பெயர், தென்துருவ ஒளி. எழுதியவர்கள் அவர்களே, ஷாக்கிள்டன் பதிப்பாசிரியர், மார்ஸ்டன் படங்கள். வைல்டும் ஜாய்ஸும் கிளம்பும் முன் லண்டனில் மூன்று வாரம் அச்சுத் தொழில் கற்று வந்திருந்தார்கள். இருவர் படுக்கும் 'புகலிட'த்துக்குள்ளேயே அச்சு இயந்திரம், தையல் இயந்திரம், எழுத்துப் பெட்டி. மை உறைந்துவிடும். மைத்தட்டுக்கு அடியில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக்கொண்டு அச்சடித்தார்கள். அண்டார்க்டிகாவிலேயே எழுதி, அச்சிட்டு, கட்டடம் செய்த முதல் புத்தகம் அது. ஏறத்தாழ நூறு பிரதிகள்.

அட்டைக்கு எங்கே போவது? மோட்டார் வண்டி பார்த்துக்கொள்ள வந்த பெர்னார்ட் டே, வெனஸ்டா பெட்டிகளைப் பிரித்து, பலகைகளை அளவுக்கு அறுத்து, இழைத்து, மெருகேற்றி, முதுகுக்குத் தோல் வைத்துக் கட்டினார். உள்பக்கம் பெட்டியின் எழுத்து அப்படியே இருந்தது. ஒரு பிரதியைத் திறந்தால் 'வெண்ணெய்'. இன்னொன்றில் 'ஐரிஷ் ஸ்டூ'. வேறொன்றில் சூப். இன்று நூலகங்களிலும் சேகரிப்பாளரிடமும் இருக்கும் பிரதிகளை அந்த எழுத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறார்கள்: வெண்ணெய்ப் பிரதி, ஸ்டூ பிரதி என்று. ஏலத்துக்கு வந்தால் மோட்டார் கார் விலைக்குப் போகிறது. வெண்ணெய் தீர்ந்துபோய் நூறு வருடம் ஆகிறது.

1909 ஜனவரி 9-ஆம் தேதி ஷாக்கிள்டனும் மூன்று பேரும் துருவத்துக்கு 97 கடல் மைல் தூரத்தில், உயிரோடு திரும்ப வேண்டும் என்பதற்காகத் திரும்பினார்கள். மார்ச்சில் எல்லோரும் கப்பலேறினார்கள். பதினைந்து பேருக்கு ஒரு வருடச் சாப்பாட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டினார்கள். பெட்டிகள் வந்த இடத்திலேயே தங்கின. இரண்டு வருடம் கழித்துப் இன்னொரு பிரிட்டிஷ் துருவப் பயணத்தின் தலைவர் ஸ்காட் பக்கத்து எவான்ஸ் முனையில் குடியேறியபோது, அதிகாரிகளையும் சாதாரண மாலுமிகளையும் பிரிக்க வீட்டுக்குள் குறுக்குச் சுவர் ஒன்று எழுப்பினார். சுவர் முழுக்க சாமான் பெட்டி. உறைந்தால் வெடித்துவிடும் புட்டிச் சரக்குகளை அதில் அடுக்கினார். சுவரும் ஆயிற்று, சரக்கும் காப்பாற்றப்பட்டது. (பிரிட்டிஷ் கடற்படையின் சாதி முறை அந்தக் குளிரிலும் உறையவில்லை என்பது வேறு விஷயம்.)

இதில் சுற்றுச்சூழல் எங்கே வந்தது என்று கேட்கலாம். வரவே இல்லை. ஷாக்கிள்டனுக்கு அந்தக் கவலை கிடையாது. நிலக்கரி எரித்தார்கள், பென்குவின் அடித்துச் சாப்பிட்டார்கள், குப்பையைப் பாறைக்குப் பின்னால் கொட்டினார்கள். அவர் பெட்டியை மேசையாக்கியது கப்பலில் இடம் இல்லாததால். ஆனால் பெட்டியை அனுப்பியவரும் அதைப் பிரிக்கப்போகிறவரும் ஒரே ஆள் என்பது இங்கே பெரிய விஷயம். தான் வாங்குகிற பலகையில் தானே படுக்கப்போகிறோம் என்று தெரிந்தவர் மட்டமான பலகை வாங்க மாட்டார். இன்றைய முயற்சிகள் பலவற்றில் இந்த ஒன்றைத்தான் காணோம்.

யாரும் திட்டமிடாமலே தேயிலைப் பெட்டி நல்ல மறுபிறவி எடுத்ததற்கும் காரணம் பலகைதான். லண்டன் துறைமுகத்தில் தேயிலை இறங்கியதும் காலிப்பெட்டி வீடு மாற்றிக்கொடுக்கும் கம்பெனிகளுக்குப் போனது. பிரிட்டனில் இரண்டு தலைமுறை பீங்கான் தட்டெல்லாம் அதில்தான் வீடு மாறியது. 1950-களில் பையன்கள் அதைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு துடைப்பக் கம்பும் ஒற்றைக் கம்பியும் கட்டி இசைக் கருவியாக்கினார்கள். ஜான் லெனன் பீட்டில்ஸுக்கு முன்னால் நடத்திய குவாரிமென் குழுவில் அப்படி ஒரு தேயிலைப் பெட்டி பேஸ் இருந்தது. இலங்கையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941-இல், காலிக்குப் பக்கத்தில் கிந்தோட்டையில் ஒட்டுப்பலகை ஆலை எழுந்ததும் தேயிலைப் பெட்டிக்காகத்தான். பிறகு பல அடுக்குக் காகிதச் சாக்கு வந்தது. இலேசு, மலிவு, கப்பல் பெட்டகத்துக்குள் நேர்த்தியாக அடுக்கலாம். காகிதச் சாக்கை வைத்து யாரும் ஒன்றும் செய்ததில்லை.

எஸ்தோனியப் பலகை தன் சொந்தப் பெயரிலும் வரவேற்பறைக்குள் ஏறியது. 1920-களில் வெனஸ்டாவில் வேலைக்குச் சேர்ந்த ஜாக் பிரிட்சார்ட் என்பவர், பெட்டிப் பலகை என்ற பெயரைத் துடைக்க நினைத்து, 1930-இல் லண்டன் கட்டடக் கண்காட்சியில் கம்பெனியின் அரங்கை வடிவமைக்கக் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயின் குழுவிடம் கொடுத்தார். அடுத்து ஐசோகான் என்று தானே ஒரு நிறுவனம் தொடங்கினார். அதற்காக மார்சல் பிராயர் 1936-இல் வரைந்த நீள் நாற்காலியின் வளைந்த பலகை டாலினில் லூத்தர் ஆலையில் செய்தது. 1939-இல் பென்குவின் பதிப்பகத்தின் காகித அட்டைப் புத்தகங்கள் வைக்க எகான் ரீஸ் ஒரு சிறு அலமாரி வரைந்தார். பக்கவாட்டில் பொதி சுமக்கும் கழுதை மாதிரி இருந்ததால் அதற்குக் கழுதை என்றே பெயர். நூறு சொச்சம் செய்வதற்குள் போர் வந்து பலகை வரத்து நின்றது. 1940-இல் சோவியத் அரசு லூத்தர் ஆலையை எடுத்துக்கொண்டது. ஹாலந்தில் இதற்கு நேர் எதிரான வேலை ஒன்று நடந்தது: 1934-இல் கெரிட் ரீட்வெல்ட், பெட்டி அடிக்கும் மட்ட மரத்தையே எடுத்து, மெருகு எதுவும் போடாமல், வாங்கியவரே திருகி மாட்டிக்கொள்ளும் நாற்காலியாக வரைந்தார். ஆம்ஸ்டர்டாமின் மெட்ஸ் கம்பெனி அதை விற்றது. பெட்டி மரத்துக்கு வெட்கப்படத் தேவையில்லை என்று வெளிப்படையாகச் சொன்ன நாற்காலி அது. பிராயரின் நாற்காலியைவிட எனக்கு இது மேல்.

இப்போது இன்றைய அட்டைப்பெட்டிக்கு வருவோம். 2020-இல் சாம்சங் தன் சில டிவி பெட்டிகளின் நெளியட்டை முழுக்கப் புள்ளி புள்ளியாக அச்சடித்து அனுப்பியது. புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டு வெட்டினால் பத்திரிகை அடுக்கு, சின்ன மேசை, பூனை வீடு. பெட்டியிலிருக்கும் க்யூஆர் கட்டத்தைப் போனில் காட்டினால் செய்முறை வரும். அந்த வருட லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில் விருதும் கிடைத்தது. யோசனையில் குறையில்லை. நெளியட்டை நெட்டுக்குத்தாக நிறுத்தினால் நிறைய எடை தாங்கும், உள்ளிருக்கும் நெளிவுகள் வரிசைத் தூண்கள். ஆனால் காற்றில் ஈரம் ஏறினால் தூண்கள் தளரும். நம் கடற்கரை ஊர்களில் ஐப்பசி மழையில் அந்த மேசைமேல் காப்பி டம்ளர் வைக்க எனக்குத் தைரியம் வராது. தவிர நம் வீடுகளில் டிவி பெட்டிக்கு ஏற்கெனவே வேலை உண்டு. வீடு மாறும்போது வேண்டும் என்று பரணில் ஏற்றி வைப்போம். உள்ளே பழைய பேப்பரும் கொலுப் பொம்மையும் சேரும். அதை வெட்டிப் பூனை வீடு செய்ய வீட்டுப் பெரியவர்கள் சம்மதிப்பது கஷ்டம்.

அதே அட்டையை மும்பையில் ஆரம்ப் என்ற தொண்டு நிறுவனம் 2014 வாக்கில் வேறு மாதிரி கையாண்டது. கடைகள் தூக்கிப்போடும் அட்டைப்பெட்டியை ஒரு வரைவுத் தகட்டை வைத்து வெட்டி மடித்தால், தோளில் மாட்டும் பள்ளிப்பை. தரையில் விரித்து வைத்தால் சாய்வு மேசை. கிராமப் பள்ளியில் பெஞ்சு இல்லாமல் தரையில் குனிந்து எழுதும் பிள்ளைகளுக்கு. ஒன்றுக்குச் செலவு பத்து ரூபாய்க்குள். சாம்சங் பெட்டியில் இருந்து தொடங்குகிறது, இதை என்ன ஆக்கலாம் என்று கேட்கிறது. மும்பைக்காரர்கள் பிள்ளையின் கூன் விழுந்த முதுகில் இருந்து தொடங்கினார்கள்; அட்டை பிறகுதான் கைக்கு வந்தது. மழையில் அதுவும் ஊறும். ஆனால் பத்து ரூபாய்க்கு இன்னொன்று வெட்டலாம்.

பெட்டியில் இருந்து தொடங்கி முட்டுச்சந்தில் நின்ற பெரிய கதை, புட்டியின் கதை. கரீபியத் தீவான குராசாவில் தன் பீர் புட்டிகள் குப்பையாகக் கிடப்பதையும் ஏழைகளுக்கு வீடு கட்டச் சாமான் இல்லாததையும் ஒரே நேரத்தில் பார்த்த ஆல்ஃபிரட் ஹைனகன், குடித்து முடித்ததும் செங்கல்லாக அடுக்கும் சதுரப் புட்டியை ஜான் ஹாப்ராக்கன் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு வடிவமைத்தார். 1963-இல் ஏறக்குறைய ஒரு லட்சம் புட்டி வார்த்தார்கள். எழுந்தது ஹைனகனின் சொந்தத் தோட்டத்தில் ஒரு சிறு கொட்டகை. யாருக்காக யோசித்தார்களோ அந்தக் குராசாக்காரர்களிடம் போய்ச் சேரவில்லை.

ராய்ட்ஸ் முனையில் பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. நியூசிலாந்தின் அண்டார்க்டிகா பாரம்பரிய அறக்கட்டளை 2004-இலிருந்து சில ஆண்டுகள் அந்த வீட்டைச் செப்பனிட்டது. வேலைக்கிடையில் தரைக்கு அடியில் ஷாக்கிள்டனின் விஸ்கிப் பெட்டிகள் உறைந்து கிடைத்ததுதான் செய்தித்தாள்களில் வந்தது. மரத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு கவலை. அவ்வளவு குளிரில் மரம் மக்காது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். கடோஃபோரா என்ற பூஞ்சை கோடையில் சில வாரம் பனி இளகும்போது விழித்துக்கொண்டு, தரையைத் தொடும் மரத்தை மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருப்பதை மினசோட்டா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கடற்கரை உப்பும் சேர்ந்து நாரைப் பஞ்சாக்கிவிட்டது. குளிர்காலங்களில் அறக்கட்டளையின் ஆட்கள் நியூசிலாந்தின் ஸ்காட் தளத்து ஆய்வுக்கூடத்தில் டப்பா, துணி, பெட்டி என்று சாமான்களைக் கொண்டுவந்து துடைத்து, துரு எடுத்து, தளர்ந்ததை இறுக்கி, எந்தத் தட்டில் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் திரும்ப வைத்தார்கள். காலிப் பெட்டி ஆனாலும் அதற்கும் பட்டியலில் ஓர் எண் உண்டு.